மெழுகிய குப்பைமேடு

8-5-1938. புங்கமரம் ஒன்று வெட்டி விற்ற வரவு ரூ. 9-0-0
8-5-1938. மரம் வெட்டிய கூலி ரூ. 1-4-0
3-7-1938. வெளியார் குப்பை, 11 வண்டி ரூ. 4-2-0
20-11-1938. ஆமணக்குப் புண்ணாக்கு, 2 மூட்டை ரூ. 5-8-0
11-12-1938. விருந்துச் செலவு ரூ. 3-10-0
11-12-1938. கைத்தடி ஒன்று ரூ. 0-12-0

என் தங்கை தீர்த்தம்மாளின் புருஷன் பச்சியப்பன் தன் வாழ்நாளில் என்னை எழுதிவைக்கச் சொன்ன கணக்கு இவ்வளவுதான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் தருமபுரியில் ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதிவந்தவன். ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு விடுமுறை. அன்று அதியமான்கோட்டைக்கு நடந்துபோய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வருவேன். போகும்போதெல்லாம் பார்த்ததை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

பச்சியப்பன் போன மாசியில் செத்தான். பதினாறாம் நாள் காரியத்தில் என் பக்கத்து இலைக்காரர்கள், எரு என்றால் அவர்தான், இந்தப் பக்கத்தில் அவரைப்போல் குப்பை சேர்த்தவர் யார் என்று பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் பாதியில் இலையை மூடினேன். வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளை எடுத்தேன். தங்கையின் புருஷனை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. நேரில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான் பேசினேன். காகிதத்தில் அது வரவில்லை.

பச்சியப்பன் ரோட்டுக்காகவே பிறந்தவன். சேலத்திலிருந்து பெங்களூர் போகிற ரோட்டின் கீழ்ப்புறத்தில் அவன் வீடு. ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும் வருஷாவருஷம் சுண்ணாம்பு அடிப்பான். மற்ற மூன்று சுவரும் மண் உதிர்ந்து எலும்பு தெரிய நிற்கும். மாட்டுக் கொம்புக்குப் பொங்கலில் பூசிய சாயம் மங்கினால் ஆடியில் மறுபடி பூசுவான். அந்த மாடுகளின் விலாவை எண்ணிவிடலாம்.

வீட்டுக்குத் தெற்கே ஒரு கொல்லை. அதில் ரோட்டோரமாக ஒரு புங்கமரம், மரத்துக்குக் கிழக்கே குப்பைமேடு. அந்தக் குப்பை தீர்த்தம்மாளுடையது. சாணி, அடுப்புச் சாம்பல், கேழ்வரகு உமி, மாட்டுக் கொட்டகையில் மூத்திரம் ஊறிய மண், எல்லாவற்றையும் அவள்தான் தினமும் கொண்டுபோய்ப் பரப்புவாள். காலை வெயில் கிழக்கிலிருந்து அதன்மேல் சாய்வாக விழும். சூரியன் உச்சிக்கு வரும்போது மரம் குடை பிடிக்கும். மேற்கு வெயில் அதன்மேல் பட்டதே இல்லை. இலை உதிர்கிற காலத்தில் மரமே பாதிக் குப்பை போட்டுவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றினால் மூன்று நாளைக்கு ஈரம் நிற்கும். ஆனியில் வெட்டி எடுத்தால் கறுப்பாகப் பொலபொலவென்று உதிரும். நான் அசுத்தம் பொறுக்காதவன். என் மனைவியைக் கேட்டால் தெரியும். அந்த எருவை நான் கையில் அள்ளியிருக்கிறேன். புதுமழை பெய்த மண் மாதிரிதான் மணக்கும்.

அவர்களுக்கு மாது ஒரே பிள்ளை. 1938-இல் அவனுக்கு வயது இருபத்தாறு. வாய் திறக்காதவன், வேலைக்கு அஞ்சாதவன். ஆனாலும் பெண் அமையவில்லை. தீர்த்தம்மாளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: மருமகள் ஒருத்தி வரவேண்டும், மகனும் மருமகளும் தன் வீட்டில், தன் கண் எதிரே குடித்தனம் செய்யவேண்டும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்வாள்.

அந்தச் சித்திரையில் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது. காளியப்பன் என்கிற கவுண்டர், நல்ல நிலம் உள்ளவர், ஒரே மகள் சின்னபொண்ணு. கேழ்வரகு அறுப்பு முடிந்து கார்த்திகையில் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பவர்கள் வீட்டைப் பார்ப்பதற்குமுன் குப்பைமேட்டைப் பார்ப்பார்கள். குப்பை பெரிதாக இருந்தால் மாடு உண்டு, நிலம் உண்டு, குனிந்து வேலை செய்கிற ஆள் உண்டு என்று அர்த்தம். சில பேர் தடியை உள்ளே குத்தி, இழுத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். தடி சூடாக வந்தால் குப்பை நன்றாக மக்குகிறது என்று கணக்கு.

மறு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது புங்கமரம் தரையில் கிடந்தது. விறகு வியாபாரி கிளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பச்சியப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரோட்டில் நின்று, அங்கிருந்து குப்பைமேடு எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“நெழல்ல மறஞ்சி கெடந்தா குப்ப யாரு கண்ணுல படும், மச்சான்? இப்பப் பாருங்க. பஸ்ஸுல போறவன்கூடப் பாப்பான்.”

தீர்த்தம்மாள் அடிமரத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள். அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“பஸ்ஸுல போறவனாண்ணா பொண்ணு குடுக்கப் போறான்?”

அதற்குப் பிறகு அந்தக் குப்பைக்கு நேர்ந்ததை எழுதவே எனக்குக் குமட்டுகிறது. வைகாசி மேற்கு வெயில் அதன்மேல் நேராக விழுந்தது. பத்தே நாளில் மேல்பக்கம் வெளுத்து, எருமுட்டை மாதிரி காய்ந்து போயிற்று. காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் இருந்த இடம் தெரியவில்லை. ரோட்டில் பஸ் போனால் குப்பையின் தூசி எழுந்து தண்ணீர்ப் பானையில் விழுந்தது. குடிக்கும் தண்ணீரில் மாட்டுச் சாணியின் தும்பு மிதப்பதை நான் அந்த வீட்டில்தான் பார்த்தேன். பிறகு என் செம்பை நானே கொண்டுபோக ஆரம்பித்தேன்.

வெயில்தான் காரணமா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகத்தோடு ஒன்றை எழுதிவைப்பது எனக்குப் பிடிக்காது. என் வீட்டில் மூன்று உடைந்த பானைகளில் ஒரே குப்பையைச் சமமாகப் போட்டேன். ஒன்றைக் கிழக்குத் தாழ்வாரத்தில் வைத்தேன், காலை வெயில் மட்டும் படும். ஒன்றை நடுமுற்றத்தில், நாள் முழுக்க வெயில். மூன்றாவதைச் சமையலறைக்குப் பின்னால், வெயிலே எட்டாத சந்தில். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது தாழ்வாரத்துப் பானையில் எரு இருந்தது. முற்றத்துப் பானையில் போட்ட கீரைத்தண்டு கீரைத்தண்டாகவே சுக்காகக் கிடந்தது. சந்துப் பானையில் கூழும் புழுவும். அந்தப் பானையை நானே கவிழ்த்துவிட்டு இரண்டு தடவை குளித்தேன். ஆக, முழு வெயிலும் ஆகாது, முழு நிழலும் ஆகாது. இதைப் பச்சியப்பனிடம் சொன்னேன். பானையில் குப்பை போட்டுப் பார்க்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவன் ரோட்டில் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தான்.

காய்ந்த குப்பை அமுங்கியது. மேடு குள்ளமாகிவிட்டது. ஆகவே ஆனியில் வெளியிலிருந்து குப்பை வாங்கினான். குப்பையை விலைக்கு வாங்கிய விவசாயி எங்கள் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. வந்தது என்ன குப்பை? கந்தல், கோழி இறகு, சீப்பில் வந்த மயிர்ச்சுருள், உடைந்த கண்ணாடி வளையல், யாருடையதோ கட்டுத்துணி. மாது அதைக் கூடை கூடையாகத் தூக்கி மேலே கொட்டினான். மேடு ஆள் உயரத்துக்கு, செங்குத்தாக நின்றது. பிறகு பச்சியப்பன் செய்ததை நான் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். சாணியைக் கரைத்து, வீட்டுச் சுவரை மெழுகுவதுபோல அந்த மேட்டைச் சுற்றிலும் மெழுகினான். விளக்குமாற்றின் கோடு வரிசையாகத் தெரிய மெழுகினான். ரோட்டிலிருந்து பார்த்தால் கறுகறுவென்று, பத்து வருஷத்து எரு மாதிரி இருந்தது. ஐப்பசியில் தூறிய கொஞ்ச மழையும் அந்த மெழுகின்மேல் வழிந்து ஓடிப்போயிற்று. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. வெளியே மெழுகு, உள்ளே சருகும் வைக்கோலும் மயிரும்.

கார்த்திகை பிறந்ததும் அவனுக்கு இன்னொரு யோசனை. எருவுக்கு வாசனை இல்லையே என்று ஆமணக்குப் புண்ணாக்கை ஊறவைத்து உச்சியில் குழி பறித்து ஊற்றினான். ஊறிய புண்ணாக்கின் நாற்றத்தை அறிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அறியாதவர்கள் அப்படியே இருக்கட்டும். அந்த வீட்டு வாசலில் ஈ கறுப்புத் துணி போர்த்தியது போல உட்கார்ந்திருந்தது. தீர்த்தம்மாள் ஒரு கையால் சோறு போட்டு மறு கையால் விசிறினாள். நான் சாப்பிடாமல் திரும்பினேன்.

திருக்கார்த்திகைக்கு மறுநாளுக்கு மறுநாள் எங்கள் வீடுகளில் குப்பைமேட்டுக்கும் ஒரு விளக்கு வைப்பார்கள். தீர்த்தம்மாள் எப்போதும் மேட்டின் அடியில், மரத்தின் மறைவில் ஓர் அகலைத் தரையில் வைப்பாள். அந்த வருஷம் பச்சியப்பன் அதைப் பெரிய அகலாக எடுத்து, எண்ணெய் தளும்ப ஊற்றி, உச்சியில் வைக்கச் சொன்னான். கீழே வைத்தால் ரோட்டுக்குத் தெரியாதாம். காற்றைத் தடுக்க மரம் இல்லை. விளக்கு கவிழ்ந்துவிட்டது. சுடர் அணைந்தது, மெழுகின்மேல் எண்ணெய்க்கறை மட்டும் இருந்தது என்று எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். புண்ணாக்கு ஊற்றிய குழிக்குள் திரி விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. புண்ணாக்கு அதற்குள் காய்ந்திருந்தது. அதில் எண்ணெய்ச் சத்து உண்டு. அடியில் இருந்தது காய்ந்த வைக்கோல்.

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, காளியப்பன் வந்தார். பையனுக்குத் தாய்மாமன் என்பதால் நான் இருந்தாக வேண்டும். அவர் மெலிந்த ஆள், கையில் மூங்கில் தடி. வண்டியை விட்டு இறங்கியவர் வீட்டைப் பார்க்கவில்லை. கொல்லைக்குள் நேராக வந்து மேட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார். நானும் மூடியிருந்தேன். பிறகு தடியை ஓங்கிக் குத்தினார். மெழுகு ஓடுபோல் வெடித்தது. கொஞ்ச நேரம் விட்டுவைத்து இழுத்துத் தொட்டவர் கையை உதறினார்.

பச்சியப்பனின் முகம் மலர்ந்தது.

“சூட்டப் பாருங்க கவுண்டரே. உள்ள வேவுது. இந்த மாதிரிச் சூடு வேற எந்தக் குப்பையில இருக்குது, சொல்லுங்க?”

காளியப்பன் தடியின் நுனியை அவன் கண்ணுக்கு எதிரே நீட்டினார். நுனி கரிந்து, அதிலிருந்து புகை நூலாக எழுந்தது.

“வேவுலீங்க. எரியுது.”

குத்திய ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போனதும் புகை கிளம்பியது. எரிகிற மயிர், எரிகிற புண்ணாக்கு, எரிகிற கந்தல், எல்லாம் சேர்ந்த நாற்றம். மாது புது வேட்டியோடு ஓடிப்போய் மண்வெட்டியை எடுத்தான். அப்போது பச்சியப்பன் மகனின் கையைப் பிடித்துக் காதருகே சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது, காளியப்பனுக்கும் கேட்டது.

“அவுங்க போற வரைக்கும் கை வெக்காதடா. சூடுன்னே இருக்கட்டும்.”

மாது கையை உதறிவிட்டு மேட்டில் ஏறி வெட்டித் தள்ளினான். தீர்த்தம்மாள் குடத்தோடு கிணற்றுக்கும் மேட்டுக்கும் ஓடினாள். மாதுவின் வேட்டி கருகியது, கால் கொப்பளித்தது. ரோட்டில் ஒரு பஸ் நின்றது. அதில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பச்சியப்பன் கேட்ட கூட்டம் கடைசியில் அவனுக்குக் கிடைத்தது.

காளியப்பன் இந்த நேரமெல்லாம் புங்கமரத்தின் அடிமரத்தில் உட்கார்ந்து பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெருப்பு அடங்கியபின் கையால் அடிமரத்தைத் தடவி, இதை எப்போது வெட்டினீர்கள் என்று தங்கையைக் கேட்டார். சித்திரையில் என்றாள். எதுக்கு என்று அவர் கேட்கவில்லை. விருந்தில் உட்கார்ந்தார், இலையில் சாம்பல் விழுந்ததும் எழுந்துவிட்டார். பச்சியப்பன் அவருக்குப் புதுத் தடி ஒன்று வாங்கிக் கொடுத்தான். அவர் அதை வாங்கிக்கொண்டு, கரிந்த தடியையும் விடாமல் எடுத்துப்போனார். மேட்டின் அடியில் கிடந்த நெருப்பு இன்னும் ஒரு வாரம் புகைந்தது. என் சட்டையை மூன்று முறை வெளுக்கப்போட்டும் நாற்றம் போகவில்லை.

மார்கழி பிறப்பதற்குமுன் காளியப்பனிடமிருந்து கார்டு வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். பெண்ணைத் தர எனக்குச் சம்மதம், பையன் நல்ல உழைப்பாளி. ஆனால் குப்பையைக் காட்டுவதற்காக மரத்தை வெட்டிய வீட்டுக்கு என் மகளை அனுப்பமாட்டேன். பையன் இங்கே வந்து இருக்கட்டும். இவ்வளவுதான் அதில் எழுதியிருந்தது.

வீட்டோடு மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் எவ்வளவு கேவலம் என்பது எல்லாருக்கும் தெரியும். பச்சியப்பன் குதித்தான். ஊர் என்ன சொல்லும் என்றான். தீர்த்தம்மாள் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தாள். மகனை வைத்துக்கொண்டால் மருமகள் இல்லை, மருமகள் வந்தால் மகன் இல்லை. மூன்றாம் நாள் அவளே மாதுவைப் போகச் சொன்னாள். அவன் கிளம்பும்போது அப்பாவின் எதிரில் நின்று, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, நாலு வார்த்தை சேர்த்துப் பேசினான்.

“அந்த எடத்துலயே ஒரு புங்கங்கன்னு வெய்யுங்கப்பா. அது நெழல் குடுக்கற அன்னிக்கி அவளயும் கூட்டிக்கிட்டு வந்துடறேன். மாமா, மரம் எப்படி இருக்குதுன்னு எனக்கு எழுதுங்க.”

பச்சியப்பன் தலையாட்டினான். 1939 தையில் கல்யாணம் ஏரியூரில் நடந்தது. புங்கம் நிழல் தர ஆறேழு வருஷம் போதும். தீர்த்தம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

பச்சியப்பன் கன்று வைக்கவில்லை. மரம் வளர்ந்தால் குப்பை மறையுமே. அடுத்த ஆடியில் தீர்த்தம்மாளே ஒரு கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். இடுப்பளவு வந்தது. நான் அதை மாதுவுக்கு எழுதினேன். 1944-இல் யுத்தத்துக்காக உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும், வீட்டுக்கு வீடு எருக்குழி வெட்ட வேண்டும் என்று அதிகாரிகள் ஊர் ஊராக வந்தார்கள். நல்ல குழி வெட்டுகிறவர் வீட்டில் ‘மாதிரி எருக்குழி’ என்று பலகை நடுவதாகச் சொன்னார்கள். வந்தவர் நிழல் பார்த்து வெட்டுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார், நானும் கேட்டேன். பச்சியப்பன் குழியை ரோட்டோரத்தில், மொட்டை வெயிலில் வெட்டினான். பலகையும் வாங்கிவிட்டான். கன்று அதற்குள் ஆள் உயரம் வந்திருந்தது. பலகையை அது மறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கன்று வேரோடு பிடுங்கப்பட்டு அந்தக் குழிக்குள் குப்பையோடு கிடந்தது. அஞ்சு வருஷத்துக் கன்று. இலைகள் வெயிலில் சுருண்டிருந்தன. வேரில் இருந்த ஈர மண்ணை எறும்பு மொய்த்திருந்தது. நான் பார்த்த அசிங்கங்களில் இதற்கு முன் புழுவும் புண்ணாக்கும் ஒன்றுமே இல்லை. தீர்த்தம்மாள் மறு வருஷம் இன்னொரு கன்று வைத்தாள். அதையும் பிடுங்கினான்.

குழியில் எரு ஒருநாளும் விளையவில்லை. அதிகாரி வரும் நாளில் மேலே தண்ணீர் தெளித்து, கீழே பார்க்க விடாமல் மோர் கொடுத்து அனுப்புவான். நிலத்தில் கேழ்வரகு வருஷத்துக்கு வருஷம் குட்டையாக நின்றது.

1946 புரட்டாசியில் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கூடை தூக்க ஆள் இல்லை. மண்டிக்கே வந்து என் எதிரில் உட்கார்ந்தான். மாதுவை வரச்சொல்லி எழுதவேண்டும் என்றான். மரத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று கேட்டேன்.

“கூரை ஒசரம் வந்துடுச்சின்னு போடுங்க மச்சான். ஏரியூர்ல இருந்துக்கிட்டு அவனென்ன அளந்தா பாக்கப் போறான்?”

இல்லாத மரத்துக்கு உயரம் எழுத மாட்டேன் என்று சொன்னேன். அப்பாவுக்கு இடுப்பு வலி, உதவிக்கு ஆள் இல்லை, வரச் சொல்கிறார், மரம் இல்லை, இரண்டு தடவை வைத்தது இரண்டு தடவையும் பிடுங்கப்பட்டது என்று எழுதி, அவன் எதிரிலேயே படித்துக் காட்டித் தபாலில் போட்டேன். அவன் எழுந்து போகும்போது மண்டி வாசலில் நின்று, வெளியே இருந்தவர்களுக்குக் கேட்கும்படி, மகன் குடும்பத்தோடு வரப்போகிறான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கார்த்திகையில், நவம்பர் 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நான் தீர்த்தம்மாளைப் பென்னாகரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அங்கே மாது வண்டியோடு நிற்பதாக ஏற்பாடு. ஒரு துணி மூட்டை, ஒரு பழைய அகல், வேறு எதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பச்சியப்பன் ரோட்டோரத்தில் குந்தி, ஈரத் துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரோட்டில் போன ஒருவன், எங்கே கிளம்பிவிட்டாள் உன் வீட்டுக்காரி என்று கேட்டான். பேரனைப் பார்க்கப் போகிறாள், நாலு நாளில் வந்துவிடுவாள் என்று பச்சியப்பன் உரக்கப் பதில் சொன்னான். அவள் திரும்பவில்லை. அவனும் கடைசிவரை அந்தப் பதிலை மாற்றவில்லை.

அவளை அனுப்பச் சொல்லி மாது எழுதியது நாலு வரிதான்:

“மாமா, நீங்கள் உள்ளபடி எழுதியதற்கு நன்றி. இனி மரத்தைப் பற்றிக் கேட்கமாட்டேன். இங்கே எங்கள் குப்பைக்கு மேற்கே ஒரு புங்கம் வைத்துவிட்டேன், காலை வெயில் படுகிற மாதிரி. அம்மாவை வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிவிடுங்கள்.”

அதற்குப் பிறகு அவனிடமிருந்து எனக்குக் கடிதம் இல்லை. இது என் கைக்கு வந்து சேர்ந்த தேதி 18-11-1946.